பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத பிள்ளை

பிள்ளைக்கு மூன்று வயது. தாய் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை. ஆனால் தூரத்தில் உழவு இயந்திரம் வரும் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குகிறது. ஒன்றை நகர்த்தினாலும் அழுகை அடங்க வெகுநேரம் செல்கிறது. "பிடிவாதம்" என்கிறார் ஒருவர். "இடம்பெயர்ந்தபோது பயந்துவிட்டது" என்கிறார் இன்னொருவர். "தாய் வளர்த்த வளர்ப்பு" என்போரும் உண்டு.

இத்தகைய பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கலாம். இது மூளை வளரும் விதத்திலுள்ள வேறுபாடு. பரம்பரைக்கு இதில் பெரும் பங்குண்டு. 1943இல் அமெரிக்காவில் பணியாற்றிய வைத்தியர் லியோ கனர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதனை விபரித்தார். பின்னர் பல ஆண்டுகளாக, அன்பு காட்டாத தாயே காரணம் என்ற பழியைத் தாய்மார் சுமந்தனர். இத்தகைய பிள்ளையொன்றின் தந்தையான உளவியலாளர் பேர்னாட் றிம்லண்ட், அது தவறென 1964இல் நூலெழுதி வாதிட்டார். இன்று மருத்துவ உலகம் அப்பழியை ஏற்பதில்லை. தடுப்பூசியும் காரணமல்ல, சாபமும் அல்ல. 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் இதனைக் கண்டது. ஆகவே இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல.

இடப்பெயர்வு ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் மாறாத ஒழுங்கைப் பற்றிக்கொண்டு வாழும் பிள்ளைக்கு, புதிய இடமும் சனநெரிசலும் நம்மைவிடப் பெரிய துன்பம்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

12 மாதத்தில் பெயருக்குத் திரும்பாமை. 18 மாதத்தில் விரும்பியதை விரலால் சுட்டிக்காட்டாமை. 2 வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. எந்த வயதிலும் பேசிய சொற்களை இழத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் "வளர வளரச் சரியாகும்" என்றிருக்க வேண்டாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுடன் மருத்துவமாதுவிடம் செல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கக் கேளுங்கள். ஓட்டிசத்தை மாற்றும் மருந்தில்லை. ஆனால் சிறுவயதிலேயே தொடங்கும் பயிற்சி பலன் தரும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. வீடு மாறினாலும் நாளின் ஒழுங்கைக் கூடவே கொண்டுபோகலாம். அதே பாய், அதே கோப்பை, குளிப்புக்கும் உணவுக்கும் அதே வேளை. மாற்றம் வருமுன் சொல்லியும் காட்டியும் ஆயத்தப்படுத்துங்கள்.

2. பிள்ளையின் கண்மட்டத்தில் இருந்து, ஓரிரு சொற்களில் பேசுங்கள். பேசியபின் பொறுத்திருங்கள்; பதில் வர நேரம் எடுக்கும்.

3. கச்சான் உடைக்கும்போது சட்டிக்குள் ஒன்றை நீங்கள் போடுங்கள், அடுத்ததைப் பிள்ளை போடட்டும். "என் முறை, உன் முறை." அது பழகியபின் அண்ணனைச் சேருங்கள், பிறகு அயல்வீட்டுப் பிள்ளையை. மற்றவரோடு சேர்ந்து வாழும் பழக்கம் இப்படித்தான் படிப்படியாக வருகிறது.

4. அலறும்போது அடிக்காதீர்கள். சத்தமில்லாத மூலைக்குக் கொண்டுபோங்கள்.

5. இப்பிள்ளைகள் சொல்லாமல் வெளியேறுவதுண்டு. பலரைத் தண்ணீர் ஈர்க்கும். கட்டில்லாத கிணற்றை மூடுங்கள். குளக்கரைக் குடும்பங்களுக்கும் சொல்லிவையுங்கள்.

இரவுபகலாகக் காவலிருக்கும் தாய்க்கும் ஓய்வு தேவை. அயலவர் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவே பேருதவி.

கலந்துரையாட

நம் கிராமத்தில் வெளியே காட்டாமல் வளர்க்கப்படும் பிள்ளை உண்டா? அவ்வீட்டுப் படியை நம்மில் யார் முதலில் மிதிப்பது?