கொரிய மொழியில் விடைபெறும் முறை

வணக்கம், நன்றி என்னும் இரு சொற்களைக் கற்றால் எந்நாட்டிலும் உலவி வரலாம் என்பர். கொரிய மொழியைப் பயிலத் தொடங்கிய எனக்கோ, அவை மட்டும் போதா எனத் தோன்றியது. அம்மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைச் சொல்லின் இறுதியே காட்டிவிடுகிறது.

“அன்னியோங்ஹசேயோ” என்பது வணக்கம். தோழனிடம் “அன்னியோங்” போதும். பேராசிரியரிடம் அவ்வாறு கூறின் மரியாதைக் குறைவாகும். பெரியோருக்கு நன்றி கூற “கம்சாஹம்னிதா”, தோழனுக்கு “கோமவோ”. நாம் “வா”, “வாருங்கள்” என வேறுபடுத்துவது போன்றதே இது.

கடையில் “ஒல்மாயேயோ?” என்றால் “விலை எவ்வளவு?” என்று பொருள். “முல் ஜுசேயோ” என்றால் “தண்ணீர் தாருங்கள்”. “முல்” தண்ணீர், “ஜுசேயோ” தாருங்கள். தமிழைப் போலவே வினை இறுதியில் நிற்பதால் சொல்முறை நமக்கு எளிது.

விடைபெறுதலே நுட்பமானது. புறப்படுபவரை நோக்கி “அன்னியோங்ஹி கசேயோ” என்பர். நலமாகச் செல்லுங்கள் என்பது கருத்து. அங்கேயே தங்குபவரை நோக்கி “அன்னியோங்ஹி கேசேயோ” என்பர். நலமாக இருங்கள் என்பது கருத்து. இருவருமே புறப்பட்டால் இருவரும் “கசேயோ” என்றே கூறுவர்.

தமிழ் எழுத்தில் இவ்வொலிகள் முழுமையாக அமையா. 1446இல் சேஜோங் மன்னர் வெளியிட்ட எழுத்துமுறையில் இன்று அடிப்படை எழுத்துக்கள் 24 மட்டுமே. முதலில் அவற்றைக் கற்பது நன்று.

நண்பர்களே, சொற்றொடரை மனனம் செய்தல் எளிது. எதிரே நிற்பவர் யார், செல்பவர் யார், இருப்பவர் யார் என நோக்கிப் பேசுவதே மொழியறிவாகும்.