‘ஏர்த் 0.3 ஓம், சரி’ என்று எழுதிய தம்பிக்கு

தம்பி,

நீர் டோ பாரும் 13 பின் சொக்கற்றும் பூட்டிக் கொடுத்த காரோடு, கைப்பட எழுதிக் கொடுத்த இரண்டு பக்க வேலைக் குறிப்பும் என் கைக்கு வந்தது. கார்க்காரர் எனக்குப் பழக்கமானவர். இரவில் கரவனைக் கொழுவிக்கொண்டு போகையில், வலது சிக்னல் போட்டால் கரவனின் பின் லைற்றெல்லாம் அதே தாளத்தில் மங்கி மங்கி எரிகிறது என்று கொண்டுவந்து விட்டார். உமது பெயரைப் போடாமல் பகிரங்கமாகவே எழுதுகிறேன். இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு வருகிற எங்கட பிள்ளைகள் பலர் உம்மைப் போலவே அந்த ஒரு வரியை எழுதுகிறார்கள்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். 9ஆம் பின்னுக்குப் போகும் நிரந்தர லைனுக்குப் பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ். தகட்டைத் துளைத்த இடத்தில் றப்பர் வளையம், துளையின் ஓரத்துக்குப் பெயின்ற். சொக்கற்றுக்கு இறங்கும் வயரை வளைத்துத் தொங்கவிட்டு, தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போகும்படி செய்திருக்கிறீர். கரவன் லைற்றுகளை இயக்கும் மொடியூலைக் காரின் கணினிக்கு அறிமுகம் செய்து, கரவன் கொழுவியதும் பின் சென்சர்கள் ஓயவும், காரின் பனிமூட்ட லைற் அணைந்து கரவனுடையது மட்டும் எரியவும் வைத்திருக்கிறீர். இவ்வளவு அழகான வயர் ஓட்டத்தை நான் அண்மையில் எங்கும் பார்க்கவில்லை. உமக்கு நல்ல கை இருக்கிறது.

அந்தக் கைதான் இரண்டாம் பக்கத்தில் ‘ஏர்த் பார்த்தேன், 0.3 ஓம், சரி’ என்று எழுதியிருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அந்த வரியில்.

கணக்கைப் பாரும். பிரேக் லைற் இரண்டு, ஒவ்வொன்றும் 21 வாற். பனிமூட்ட லைற் 21, சிக்னல் 21, சின்ன லைற்றுகள் ஐந்து ஐந்து வாற். எல்லாம் சேர்த்தால் 100 வாற்றுக்குக் கிட்ட வரும், எட்டு அம்பியர். அந்த எட்டும் வெள்ளை வயர் ஒன்றின் வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். வழியில் உண்மையிலேயே 0.3 ஓம் இருந்தால் இரண்டு வோல்ற்றுக்கு மேல் அங்கேயே போய்விடும். குமிழ் வெளிச்சம் வோல்ற் குறையும் அளவுக்குக் குறையாது, அதைவிட வேகமாக விழும். ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும். மழை இரவில் பின்னால் வருகிற லொறிக்காரன் உமது பிரேக் லைற்றைச் சின்ன லைற் என்று நினைப்பான். இதை எப்படி ‘சரி’ என்று எழுதினீர்?

இன்னொரு பக்கமும் உண்டு. சாதாரண மீற்றரின் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும். அப்படியென்றால் நீர் அளந்தது ஏர்த்தையா, மீற்றரின் வயரையா? ஒற்றை இழை செப்பு தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்த மீற்றர் அதையேதான் காட்டும். எல்.ஈ.டி. டெஸ்டர் பெட்டியைச் செருகிப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர். அது இழுப்பது சில மில்லி அம்பியர். அதற்கு எந்த ஏர்த்தும் நல்ல ஏர்த்துதான்.

நான் கரவனையே கொழுவி, எல்லா லைற்றையும் போட்டு, லைற்றுகளின் ஏர்த்தான 3ஆம் பின்னுக்கும் பற்றரியின் நெகற்றிவ் முனைக்கும் இடையில் வோல்ற்றை அளந்தேன். 1.4 வந்தது. சிக்னல் விழும்போதெல்லாம் அதற்கு மேலே ஏறியது. பிறகு டோ பார் தாங்கியின் போல்ற்றைக் கழற்றினேன். 3, 11, 13 என்ற மூன்று ஏர்த் வயரையும் ஒரே மஞ்சள் ரிங்குக்குள் திணித்திருக்கிறீர். ஒவ்வொன்றும் 2.5 சதுர மில்லிமீற்றர், மொத்தம் 7.5. அந்த ரிங் ஆறுக்குத்தான் செய்யப்பட்டது. உள்ளே போகாத இழைகளை வெட்டியிருக்கிறீர். வெட்டிய இழைகள் ஓரத்தில் மயிர்போல நிற்கின்றன. ரிங்கின் அடியில் டோ பாரின் கறுப்புப் பூச்சு ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. கரண்ட் போல்ற்றின் புரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கார்க்காரர் கரவனின் பிரிட்ஜையும் போட்டிருந்தால் 10ஆம் பின்னில் போகும் கரண்டும் இதே ரிங்கால்தான் திரும்பியிருக்கும், இன்னும் பத்து அம்பியருக்குக் கிட்ட. 13 பின் சொக்கற்றின் தரவிதி, ஐ.எஸ்.ஓ. 11446, ட்ரெய்லர் பக்கத்தில் மூன்று ஏர்த்தையும் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது என்கிறது. பிரிட்ஜின் சுமை லைற்றின் ஏர்த்தைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படிப் பிரித்து வைத்ததை நீர் கார்ப் பக்கத்தில் ஒரு ரிங்குக்குள் நசித்துவிட்டீர்.

பழைய கார்களில் நேரே லைற் வயரில் தொட்டு எடுப்போம். ஏர்த் விட்டுப்போனால் பிரேக்கை மிதிக்கச் சின்ன லைற் எரியும், கரண்ட் வேறு குமிழ்களுக்குள்ளால் திரும்பி வழி தேடும். காரின் சொந்தக்காரருக்கே விளங்கிவிடும். இப்போது நடுவில் மொடியூல் இருப்பதால் அந்தத் தடயம் பெரும்பாலும் தெரிவதில்லை. அதனால்தான் ஏர்த்தில் இன்னும் கூடுதலாகக் கண் வைக்கச் சொல்கிறேன்.

நான் வேலை பழகியது யாழ்ப்பாணத்தில், ஒஸ்டின் ஏ40 சோமசெற் வாடகைக் கார்களில். அவை பொசிற்றிவ் ஏர்த் கார்கள். பற்றரியின் பொசிற்றிவ்தான் உடம்போடு சேரும். கடலோரக் கராஜ். உப்புக் காற்றில் எந்த இணைப்பும் ஒரு மழைக்காலம் தாங்காது. எங்கள் பாஸ் ஏர்த் போடும் இடத்தை முதலில் அரத்தாலும் பிறகு மண்தாளாலும் தேய்க்கச் சொல்வார், இரும்பு வெள்ளையாய்த் தெரியும் வரைக்கும். ரிங்கை இறுக்கிய பிறகுதான் மேலே கிறீஸ். முதலே பூசினால் கையைத் தட்டிவிடுவார். 1990களில் பொருளாதாரத் தடை வந்து பற்றரி கிடைக்காமல் போனபோது, மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் கார்களைச் செத்துக்கொண்டிருந்த பற்றரிகளால் ஸ்ரார்ட் பண்ண முடிந்ததென்றால், ஏர்த்தில் ஒரு துளி வோல்ற்கூட விடாமல் காத்ததால்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு போல்ற்றாகக் குனிந்து பார்ப்பார் அந்த மனிதர். இந்த நாட்டுக் குளிரில் வீதிக்கு உப்புக் கொட்டுகிறார்கள், அது முதலில் போய் ஒட்டுவது டோ பாரில். அவருடைய பாடம் இங்கேயும் அப்படியே செல்லும்.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று ஏர்த்துக்கும் மூன்று ரிங். டோ பாரை விட்டுவிடும். காரின் உடம்பில் உற்பத்தியாளர் வைத்த ஏர்த் போல்ற் டிக்கிக்குள்ளேயே இருக்கிறது, பின் லைற்றுக்குக் கிட்ட. அதில் இறுக்கி, மேலே மெழுகு பூசும். பிறகு மெய்யான குமிழ்ச் சுமையோடு, எல்லாம் எரியும்போது அளந்து, 0.2 வோல்ற்றுக்குள் நிற்கிறதா என்று பாரும். குறிப்பில் ஓம் எழுத வேண்டாம். எத்தனை லைற் எரிந்தன, எத்தனை வோல்ற் விழுந்தது என்று எழுதும். அதுவரை கரவனைக் கொழுவ வேண்டாம் என்று கார்க்காரரிடம் சொல்லி, உம்மிடமே அனுப்பியிருக்கிறேன்.

பின் லைற் வயரைக் கடித்துப் பிடிக்க நீர் போட்டிருந்த நீலக் கிளிப்புகள் நாலையும் நான் ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டேன். அந்தக் கிளிப் இதைவிடத் தடித்த வயருக்கானது, இந்தக் காரின் வயர் 0.5 சதுர மில்லிமீற்றர். தகடு வயரைத் தொட்டும் தொடாமலும் இருந்தது, இரண்டில் செப்பு பச்சை பிடித்துவிட்டது. அந்த இடங்களில் சூட்டில் சுருங்கி ஒட்டும் உறையுள்ள கிரிம்ப் போட்டிருக்கிறேன். சொல்டர் ஏன் போடவில்லை என்று கேட்பீர். ஈயம் ஊறி முடிகிற விளிம்பில்தான் இழைகள் அதிர்வில் முறியும் என்பது என் முடிவு. மறுப்பு இருந்தால் ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வாரும், வெட்டிய கிளிப்புகளை வைத்துப் பேசுவோம்.