மனப்பாரத்தை யாரிடம் இறக்கி வைப்பது?

கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கி விடுகிறோம். மனப்பாரத்தை எங்கே இறக்குவது?

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை மக்களுக்கும் இந்தக் கேள்வி வந்தது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவர்களும் ஊரை விட்டுப் போனார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ‘சாந்திகம்’, யுத்தத்தால் நொந்தவர்களுக்கு உளவளத்துணை வழங்கியது. மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். நம்ம பேச்சும் வழக்கமும் தெரிந்தவரிடம் மனம் சீக்கிரம் திறக்கும் அல்லவா?

நாம் ஒருவரைத் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை:

1. இரகசியம் காப்பாரா? முதல் நாளே கேளுங்கள். சொன்னது லயத்துக்குள் பரவக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்ல நேரிடும்.

2. பயிற்சி பெற்றவரா? உளவளத்துணையாளர் மருந்து கொடுப்பதில்லை. பல நாளாக நித்திரை இல்லை, காதில் குரல் கேட்கிறது என்றால் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரையும் பார்க்க வேண்டும்.

3. காது கொடுத்துக் கேட்கிறாரா? புருஷனிடம் அடி வாங்கி வந்தவளிடம் “பொறுத்துப் போம்மா” என்று மட்டும் சொல்பவர் வேண்டாம். பெண்ணிடம்தான் பேசுவேன் என்று கேட்கலாம்.

4. இரண்டு மூன்று தடவை போயும் மனசு ஒட்டவில்லையா? வேறொருவரிடம் போவது தப்பில்லை.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், காசு கேட்கமாட்டார்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்குப் பேசுங்கள்.