கத்தி செய்ய பெல்ட் கிரைண்டர் வாங்கப் போறீங்களா? மெஷின் விலையைப் பார்க்காதீங்க, முதல் வருஷச் செலவைப் பாருங்க



நம்ம பக்கத்துல வழக்கமா எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு மெஷின் பத்திப் பேசப் போறோம். வாரம் முழுக்க லேப்டாப் முன்னாடி உட்கார்ந்துட்டு, சனி ஞாயிறுல கையால ஏதாவது செய்யணும்னு ஆசைப்படறவங்க சில பேர் கத்தி செய்யற ஹாபிக்குள்ள வர்றாங்க. அவங்க எல்லாரும் வந்து நிக்கிற இடம் ஒண்ணுதான்: "குறைஞ்ச விலையில நல்ல பெல்ட் கிரைண்டர் எது?"

நான் இன்ஜினியர் இல்லை, ஆடிட்டர். ஆனா இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலைக் கண்டுபிடிச்சு காசு விட்டவன். அந்தத் தகுதியில எழுதறேன்.

நான் செஞ்ச தப்பு

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். ராத்திரி வீடியோ பார்த்துப் பார்த்து ஆசை ஏறிப்போய், ஆன்லைன்ல இருந்ததிலேயே விலை குறைஞ்ச ஒரு சின்ன பெல்ட் கிரைண்டரை ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கினேன். கூடவே மூணு பெல்ட் வந்தது. அமுத்தினா மோட்டார் நின்னுடும், அமுத்தலைன்னா இரும்பு தேயாது. எப்படியோ ஒரு காய்கறிக் கத்தி செஞ்சு அம்மாகிட்ட கொடுத்தேன்.

ஒரே வாரத்துல தக்காளி நசுங்க ஆரம்பிச்சது. அம்மா ஒண்ணும் சொல்லல. நான் இல்லாதப்போ பழைய கத்தியை எடுத்து வெட்டிக்கிட்டாங்க. தெருவுல சாணை பிடிக்க வந்தவர்கிட்ட என் கத்தியைக் கொடுத்தேன். விளிம்பைத் திருப்பிப் பார்த்துட்டு, "பதம் போயிடுச்சு தம்பி, எத்தனை தடவை தீட்டினாலும் நிக்காது"ன்னார். தேஞ்சுபோன பெல்ட்டுல அழுத்தித் தேய்ச்சு, விளிம்பு நீல நிறமாகிற வரைக்கும் நான்தான் சூடேத்தியிருந்தேன். புது பெல்ட் வாங்கலாம்னா அந்த அளவு எந்தக் கடையிலயும் இல்லை. மெஷின் பரணுக்குப் போன பிறகும் மூணு இஎம்ஐ பாக்கி இருந்தது.

நான் பார்த்தது மெஷினோட விலையை மட்டும். பார்க்க வேண்டியது அதை ஓட்டற செலவை. அந்தக் கணக்கைத்தான் இப்போ போடப் போறோம்.

முதல்ல பெல்ட், அப்புறம்தான் மெஷின்

பிரிண்டர் வாங்கும்போது இங்க் விலை கேட்கிற மாதிரி, இங்க பெல்ட் அளவைக் கேட்கணும். கத்தி செய்யறவங்க அதிகம் பயன்படுத்தற அளவுகள் இரண்டு. ஒண்ணு 1×30 இன்ச், மேஜை மேல வைக்கிற சின்ன மெஷின். இன்னொண்ணு 2×72 இன்ச், அமெரிக்காவுல கத்தி செய்யறவங்க கிட்டத்தட்ட ஸ்டாண்டர்டா வச்சிருக்கிற அளவு. நடுவுல 2×42, 2×48, 4×36னு சிலது இருக்கு.

மெஷின் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு அப்ரேசிவ் டீலருக்கு போன் பண்ணுங்க. சென்னைன்னா பாரிமுனைப் பக்கம், கோவைன்னா தொழிற்பேட்டைகளைச் சுத்தி விசாரிச்சா கிடைப்பாங்க. ரோல்ல இருந்து வெட்டி, நீங்க கேட்கிற நீளத்துக்கு ஒட்டித் தர்ற டீலர்களும் உண்டு. "இந்த அளவுல 60, 120, 220, 400 கிரிட் கிடைக்குமா? ஒண்ணு எவ்வளவு? குறைஞ்சது எத்தனை எடுக்கணும்?" இந்த மூணு கேள்விக்கும் பதில் வரலைன்னா அந்த மெஷின் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

பெல்ட் விலையை எப்படி ஒப்பிடறது? சதுர இன்ச் கணக்குல. 1×30 பெல்ட்ல 30 சதுர இன்ச் இருக்கு. 2×72-ல 144. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு. சின்ன பெல்ட் 120 ரூபாய், பெரிய பெல்ட் 360 ரூபாய்னு வச்சுக்குவோம். பார்க்க சின்னதுதான் மலிவு. ஆனா சதுர இன்ச்சுக்கு சின்னது 4 ரூபாய், பெரியது 2.50 ரூபாய். அதோட நீளமான பெல்ட் ஒவ்வொரு சுத்துலயும் ஆற நேரம் கிடைக்கும், சூடு குறையும். சூடு குறைஞ்சா கத்தியோட பதம் தப்பிக்கும்.

மோட்டார்ல ஏமாறக் கூடாத மூணு இடம்

வேகம். பெல்ட் வேகம் மோட்டாரோட ஆர்பிஎம்-ஐயும், அதை ஓட்டற வீலோட விட்டத்தையும் பொறுத்தது. 4 இன்ச் வீல், 2880 ஆர்பிஎம் மோட்டார்னா பெல்ட் நொடிக்கு சுமார் 15 மீட்டர் ஓடும். அதே வீல், 1440 ஆர்பிஎம்னா 7.5 மீட்டர். கை பழகாதவங்களுக்கு வேகம் ஆகாது. ஒரு நொடி கவனம் சிதறினா முனை வெந்துடும். ஒரே வேகம்தான் வாங்க முடியும்னா 1440 போதும்.

விஎஃப்டி. "இப்போ சாதா மோட்டார் போட்டுக்கோங்க சார், பின்னாடி விஎஃப்டி மாட்டி வேகத்தைக் கூட்டிக் குறைச்சுக்கலாம்"னு விக்கிறவங்க சொல்வாங்க. சாதாரண விஎஃப்டி த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கானது. வீட்டு சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை அதுல ஓட்ட முடியாது. அப்போ பின்னாடி மாத்தறதுன்னா மோட்டாரையும் சேர்த்து இரண்டாவது தடவை காசு கொடுக்கறதுன்னு அர்த்தம். காசு இல்லைன்னா ஸ்டெப் புல்லி போட்ட டிசைன் கேளுங்க. வி-பெல்ட்டை மாத்திப் போட்டு இரண்டு மூணு வேகம் எடுக்கலாம், செலவும் குறைவு.

உடம்பு. இரும்புத் தூள் உள்ள போகாத, முழுக்க மூடின, வெளியே ஃபேன் வச்ச இண்டக்ஷன் மோட்டாரா இருக்கணும். எரிஞ்சா உங்க ஊர் காயில் கட்டற கடையிலேயே சரிபண்ண முடியணும். 2 எச்பி மோட்டார்னா வெளியே கொடுக்கறதே சுமார் 1.5 கிலோவாட், கரண்ட்ல இருந்து எடுக்கறது அதைவிடக் கூட. சாதாரண 6 ஆம்பியர் பிளக்ல மாட்டக் கூடாது. பவர் பிளக்கும் எர்த்தும் எலக்ட்ரீஷியனை வச்சுப் பார்த்த பிறகுதான்.

வெளிநாட்டு மெஷின் ஆசை இருந்தா, விலை மேல கப்பல் செலவு, அது இரண்டும் சேர்ந்த தொகை மேல கஸ்டம்ஸ், எல்லாம் சேர்ந்த தொகை மேல ஐஜிஎஸ்டி. அமெரிக்க மாடல்னா 110 வோல்ட் மோட்டாரா வரலாம். ஹாபிக்கு இது கட்டுப்படியாகாது.

இப்போ கணக்கு

கீழே இருக்கிற விலையெல்லாம் கணக்கு புரியறதுக்கு நான் போட்ட உதாரணம். உங்க கொட்டேஷனை வச்சு மாத்திக்கோங்க. வருஷத்துக்கு 12 கத்தி, அதாவது மாசம் ஒண்ணு.

சின்ன மெஷின் (1×30):
மெஷின் – ரூ. 12,000
வயரிங் – ரூ. 1,500
பாதுகாப்பு சாமான் – ரூ. 3,000
பெல்ட் (ஒரு கத்திக்கு 5) – ரூ. 7,200
ஸ்டீல், ஹீட் ட்ரீட்மென்ட் – ரூ. 6,000
மொத்தம் – ரூ. 29,700. ஒரு கத்திக்கு ரூ. 2,475.

பெரிய மெஷின் (2×72, லேத் பட்டறையில செஞ்சது):
மெஷின் – ரூ. 32,000
வயரிங் – ரூ. 3,500
பாதுகாப்பு சாமான் – ரூ. 3,000
பெல்ட் (ஒரு கத்திக்கு 1) – ரூ. 4,320
ஸ்டீல், ஹீட் ட்ரீட்மென்ட் – ரூ. 6,000
மொத்தம் – ரூ. 48,820. ஒரு கத்திக்கு ரூ. 4,068.

இரண்டு விஷயம் கவனிங்க. முதலாவது, 12,000 ரூபாய் மெஷின்னு நினைச்சது முதல் வருஷத்துல கிட்டத்தட்ட 30,000 ஆச்சு. மெஷின் அதுல பாதிகூட இல்லை. கையில 12,000 இருக்குன்னு 12,000-க்கு மெஷின் வாங்கினா, நல்ல பெல்ட் வாங்கக் காசு இருக்காது. தேஞ்ச பெல்ட்டையே ஓட்டுவீங்க, கத்தி வேகும். எனக்கு நடந்தது அதேதான்.

இரண்டாவது, "பெரிய மெஷின்ல பெல்ட் மிச்சம், லாங் டேர்ம்ல லாபம்"னு சொல்றாங்களே, அதைப் பார்ப்போம். ஒரு கத்திக்கு பெல்ட்ல மிச்சம் 600 – 360 = 240 ரூபாய். மெஷின், வயரிங் வித்தியாசம் 22,000. இதை 240-ஆல வகுத்தா 92 கத்தி. மாசம் ஒண்ணுன்னா ஏழரை வருஷத்துக்கு மேல! பெரிய மெஷின் வாங்க நியாயமான காரணங்கள் இருக்கு: வேலை சீக்கிரம் முடியும், பூச்சு நல்லா வரும், விக்கும்போது ஓரளவு விலை போகும். ஆனா "சேமிப்பு"ங்கிற பேர்ல வாங்காதீங்க. ஆசைக்கு வாங்கறோம்னு ஒத்துக்கிட்டு, ஆசைக்குன்னு ஒதுக்கின காசுல வாங்குங்க.

இஎம்ஐ-ல வாங்கலாமா?

24,000 ரூபாய் பொருளை ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ-ல எடுத்தா, சுமார் 1,000 ரூபாய் வட்டி உள்ளேயே இருக்கும். கடைக்காரர் அதை டிஸ்கவுண்ட்டா கழிச்சுக் காட்டுவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 180 ரூபாயை நீங்கதான் கட்டணும். பிராசசிங் ஃபீ 200-ன்னா ஜிஎஸ்டியோட 236. ஆக 416 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லை, ஒத்துக்கறேன்.

ஆபத்து வேற இடத்துல. ஒரு மாசம் பில் முழுசா கட்ட முடியாம போனா, மாசம் 3.5% வட்டி போடற கார்டுல அது வருஷத்துக்கு 42%. அதோட, இந்த ஹாபி உங்களுக்குப் பிடிக்குமான்னே தெரியறதுக்கு முன்னாடி ஆறு மாச சம்பளத்துல ஒரு துண்டை எழுதிக் கொடுத்துடறீங்க. எமர்ஜென்சி ஃபண்ட் ஆறு மாச செலவுக்கு இல்லாதவங்க இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்திடலாம்.

என் ஆலோசனை: தலைகீழ் இஎம்ஐ

மாசம் 3,000 ரூபாய் தனியா ஒரு ஆர்டி-ல போடுங்க. பத்து மாசத்துல 30,000, கூட கொஞ்சம் வட்டி. அந்தப் பத்து மாசம் சும்மா இருக்க வேண்டாம். இரண்டு அரம், ஒரு வைஸ், எமரி ஷீட், இதை வச்சுக் கையாலேயே கத்தி செய்யுங்க. மெதுவா போகும், தோள் வலிக்கும். ஆனா அரத்துல சூடு ஏறாது, பதம் கெடாது. சரிவு எப்படி விழணும்னு கை கத்துக்கும். ஹீட் ட்ரீட்மென்ட்டை ஜாப் ஒர்க் செய்யற இடத்துல கொடுத்துடலாம்.

பத்து மாசத்துல மூணு கத்தி முடிச்சீங்கன்னா மெஷின் வாங்குங்க, உங்களுக்கு அது தகும். ஒண்ணுகூட முடிக்கலைன்னா உங்ககிட்ட 30,000 ரூபாய் இருக்கு. இரண்டுமே நல்ல முடிவுதான்.

வாங்கின பிறகு ஒரு கண்டிப்பு: பாதுகாப்பு சாமானைக் கடைசியா வாங்கலாம்னு தள்ளாதீங்க. கண்ணாடி, நல்ல ரெஸ்பிரேட்டர் (துணி மாஸ்க் இல்லை), காது அடைப்பான், தண்ணி பக்கெட். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பிளேடைத் தண்ணியில முக்குங்க. மரத்தூள் கிடக்கிற இடத்துல இரும்பு தேய்க்காதீங்க, தீப்பொறி விழுந்தா பத்திக்கும். அப்பார்ட்மென்ட் பால்கனியில இதைச் செய்யவே செய்யாதீங்க. உங்க நுரையீரலோட சேர்த்து பக்கத்து வீட்டுக் குழந்தையோடதும் இருக்கு.

விக்கலாம்னு தோணினா

ஹாபி மெஷின் செலவை சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. கத்தி வித்து வருமானம் வந்தா அது வியாபார வருமானம், ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன அளவுன்னா உத்தேச வருமான முறையில ஐடிஆர்-4 பாருங்க. தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு மட்டும் விக்கிறவங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம், ஆனா வேற மாநிலத்துக்கு அனுப்பினா அந்த வரம்பு பொருந்தாது. ஆபீஸ் அக்ரிமென்ட்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க. சமையல், தோட்ட வேலைக் கத்தியோடவே நில்லுங்க. மத்த உபயோகத்துக்கு 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ உள்ள பிளேடுகள் ஆயுத விதிகள் 2016-ல வருது.

முடிக்கறதுக்கு முன்னாடி: அந்தப் பரண் மெஷினை நான் இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். அப்புறம் அரத்தை வச்சு ஐந்து வாரம் ஞாயித்துக்கிழமையா உட்கார்ந்து ஒரு கத்தி செஞ்சேன். செலவு 2,500 ரூபாய்க்குள்ள. அம்மா இப்பவும் அதுலதான் தக்காளி வெட்டறாங்க.

இந்தக் கணக்கை உங்க ஊர் விலையை வச்சு ஒரு தாள்ல போட்டுப் பாருங்க. போட்டு முடிச்ச பிறகும் வாங்கணும்னு தோணினா, தாராளமா வாங்குங்க.