குடல் புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒன்பது அறிவுரைகள்

தம்பிகளே, தங்கைகளே! ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். கட்டி போய்விட்டது என்று ஊரே சந்தோஷப்படுகிறது. நீங்களோ நாளுக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை கழிப்பறைக்கு ஓடுகிறீர்கள். யாரிடமும் சொல்லக் கூசுகிறீர்கள். உங்களுக்கு முன்னே இந்த வழியில் நடந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மறைக்க மறைக்கத்தான் இந்தத் தொல்லை பெருகும். வாய்விட்டுச் சொன்னால் வைத்தியம் உண்டு.

1. காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மலக்குடல் என்பது மலத்தைத் தேக்கிவைக்கும் தொட்டி. அங்கே கட்டி இருந்தவர்களுக்கு அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மேலே உள்ள குடலை இறக்கித் தைத்திருக்கிறார்கள். தேங்க இடமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாக, அடுத்தடுத்து வரும். வந்தால் அடக்குவது கடினம். வாயுவா மலமா என்பதுகூடச் சில நேரம் தெரியாது. ரேடியேஷன் வாங்கியவர்களுக்குச் சிரமம் இன்னும் கூடுதல். வலதுபக்கப் பெருங்குடலை எடுத்தவர்களுக்குப் பித்த உப்பு சரியாக உறிஞ்சப்படாமல் பேதியாகலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது.

2. பொறுமையாக இருங்கள். மலம் வெளியேற வயிற்றில் வைத்த தற்காலிகப் பையை எடுத்துக் குடலை மறுபடி இணைத்த முதல் சில மாதங்கள்தான் மிகக் கடினம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் பலருக்குப் படிப்படியாகக் குறையும். முழுக்கப் பழையபடி ஆகாவிட்டாலும், சமாளிக்கிற அளவுக்கு வரும்.

3. நோட்டுப் போட்டு எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை தடவை போனீர்கள், துணியில் பட்டதா என்று தினமும் குறியுங்கள். டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் 'லார்ஸ் ஸ்கோர்' என்று ஐந்து கேள்விகளில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள். மொத்தம் 42 புள்ளி. 30 அல்லது அதற்கு மேல் வந்தால் பாதிப்பு கடுமை என்று கணக்கு. மலக்குடல் ஆபரேஷன் ஆனவர்கள் இதை டாக்டரிடம் கேட்டுப் போட்டுப் பாருங்கள்.

4. சாப்பாட்டை நீங்களே சோதித்துப் பாருங்கள். குழைந்த சாதம், இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அதிகக் காரம், காபி, பால், கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ் பலருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். சாப்பிட்டவுடன் குடல் அசையும் என்பதால், வெளியே போகிற நாளில் சீக்கிரமே சாப்பிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். பயந்து பட்டினி கிடக்க வேண்டாம்.

5. மருந்தைக் கேட்டுப் போடுங்கள். லோபரமைடு மாத்திரை குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட்டால் நன்றாக வேலை செய்யும். அளவை டாக்டர் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு பேதி, ரத்தத்தோடு பேதி என்றால் அதைத் தொடவே கூடாது. இசப்கோல் இளகிய மலத்தைக் கெட்டிப்படுத்தும். ஆனால் தைத்த இடம் சுருங்கியிருந்தால் ஆபத்து, கேட்காமல் எடுக்காதீர்கள். பேதி கூடினால் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சிறுகுடலில் பை வைத்திருப்பவர்களுக்கு உப்பும் நீரும் வேகமாக இறங்கிவிடும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது.

6. தசைக்குப் பயிற்சி கொடுங்கள். வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக விடுங்கள். மூச்சைப் பிடிக்கவோ தொடையை இறுக்கவோ கூடாது. ஒருவேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. தையல் ஆறிவிட்டது என்று சர்ஜன் சொன்ன பிறகே தொடங்குங்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், விட்டுவிடாதீர்கள்.

7. தோலைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரம் போனபின் ஜிங்க் ஆக்சைடு களிம்பு பூசுங்கள். வாசனை சோப்பு எரிச்சலைக் கூட்டும். வெளியே போகும்போது என் தோளில் ஒரு துணிப்பை இருக்கும்: மாற்று உள்ளாடை, வேட்டி, தண்ணீர் பாட்டில், களிம்பு, பிளாஸ்டிக் கவர் இரண்டு. பஸ்ஸில் ஓரத்து இருக்கை, கல்யாண மண்டபத்தில் வாசல் பக்க நாற்காலி. இப்படித்தான் நான் எல்லா விசேஷத்துக்கும் போய்வருகிறேன், நீங்களும் போங்கள்.

8. அபாய அறிகுறிகளை அலட்சியம் செய்யாதீர்கள். மலத்தில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக்குறைவு என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தியெடுத்து, மலமும் வாயுவும் போகாமல் நின்றால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொல்லை குறைந்துவிட்டது என்று செக்கப்பையும் தவறவிடாதீர்கள்.

9. இத்தனைக்கும் அடங்காவிட்டால், அடுத்த படி என்ன என்று கேளுங்கள். ஆசனவாய் வழியாகத் தண்ணீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை இருக்கிறது. இடுப்பு நரம்பைத் தூண்டும் கருவி இருக்கிறது. எதுவும் ஒத்துவராமல் நிரந்தரமாகப் பை வைத்துக்கொண்டு, நிம்மதியாக வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். ஓபியில் கூட்டமாக இருக்கிறதே என்று தயங்காமல், உட்கார்ந்ததும் நோட்டை நீட்டி, "டாக்டர், மோஷன்தான் எனக்குப் பெரிய பிரச்சினை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.