படிக்கத் தெரியாத வயசிலேயே கோடிங்

இந்த வாரப் பாடம்: ஸ்கிராட்ச் ஜூனியர்.

5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கான இலவச ஆப் இது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடி மீடியா லேபும் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்க, 2014-ல் வெளியானது. கட்டளைகள் எல்லாம் படங்கள்தான். அம்புக்குறி என்றால் நகரு. மைக் என்றால் பதிவு செய்த குரலை ஒலி. இடமிருந்து வலமாகக் கோர்த்தால் புரோகிராம் ரெடி.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இது எதுக்கு? நம்மில் பலருக்குத் தமிழ் கேட்டால் புரியும். பதில் மட்டும் வேற மொழியில் வரும். வீடியோ போட்டுக் காட்டினாலும் கேட்பதோடு முடிஞ்சிடும். இங்கே காக்கா பேசணும்னா, குழந்தை வாயைத் திறந்தே ஆகணும்.

ஒரு புராஜெக்டில் 4 பக்கம் வைக்கலாம். பாட்டி வடை சுட்ட கதைக்கு அதுவே போதும்:

1. பாட்டி வடை சுடுறாங்க.
2. காக்கா தூக்கிட்டுப் போகுது.
3. நரி பாடச் சொல்லுது.
4. வடை கீழே விழுது.

காக்கா, நரியைக் குழந்தைகளே ஆப்பில் வரையட்டும். ரெண்டு பேருக்கு ஒரு டேப்லெட் கொடுங்க. அப்பதான் யார் என்ன பேசுறதுன்னு அவங்களுக்குள்ள பேசியாகணும். உச்சரிப்பை உடனே திருத்தாதீங்க. முதலில் தங்கள் குரலை அவங்களே கேட்கட்டும், பிடிக்கலேன்னா மறுபடி பதியட்டும்.

திரை நேரம் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. அந்த நேரத்தில் யார் பேசினாங்கன்னும் பாருங்க.