வெடிக்காத தோட்டாவும் அதன் உறுப்புக்களும்

துப்பாக்கியின் விசையை அழுத்தியும் வெடிக்காமற்போன தோட்டா, வெடித்த தோட்டாவைக் காட்டிலும் அபாயமானது. வெடித்தது தன் வேலையை முடித்துவிட்டது. வெடிக்காதது எப்பொழுது முடிக்கும் என்பதை எவராலும் கூற இயலாது.

பாலக்காட்டு மாவட்டத்தில் வாளையாறு, கோவிந்தாபுரம், அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளிப் பகுதிகளிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் காடும் வயலும் ஏலத்தோட்டமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. மூணாற்று மலைகள் முன்னாளில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக் களமாக இருந்தவை. அவற்றுள் இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டை நின்றது, காட்டுப் பன்றி நிற்கவில்லை. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் இன்றும் உள்ளனர். எனவே ஈரமேறிய பழைய தோட்டாவோ, கையால் மறுபடி நிரப்பிய தோட்டாவோ, பன்றிக்கு வைத்த வெடியோ வனக் காவலரின் கண்ணிலும் பள்ளிப் பிள்ளைகளின் கையிலும் அகப்படக்கூடும். அவற்றின் இயல்பை அறிந்திருப்பது ஊழியர்க்கும் ஆசிரியர்க்கும் கடமையாகிறது.

தோட்டாவில் உறுப்புக்கள் நான்கு. வெளிக்கூடு பித்தளையாலோ, தாளாலோ, பிளாஸ்டிக்காலோ ஆனது. அதன் அடியில் ‘கேப்’ எனப்படும் சிறு கிண்ணம் பதிந்திருக்கும். கூட்டினுள் மருந்து, அதன்மேல் குண்டு. பன்னிரண்டு போர்த் துப்பாக்கியின் தோட்டாவில் ஒற்றைக் குண்டுக்குப் பதிலாக ஈய ரவைகள் இருக்கும். மருந்துக்கும் ரவைக்கும் இடையே தக்கை ஒன்று அடைத்திருக்கும். ‘பன்னிரண்டு போர்’ என்னும் பெயருக்குப் பொருள் பலரும் அறியாதது: குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் எடையாகும் என்பதே அது. அவ்விட்டம் ஏறத்தாழ 18½ மில்லிமீட்டர்.

இந்நான்கனுள் உருவில் மிகச் சிறியது கேப். குணத்தில் மிகக் கொடியதும் அதுவே. அதனுள் இருக்கும் கலவை ஒரு கிராமில் நூற்றில் சில பங்கே. ஆயினும் அடி பட்டவுடன், அல்லது நசுங்கியவுடன், அது வெடித்துவிடும். அடித்தால் தீப்பற்றும் இவ்வகைப் பொருளைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் உரிமை பெற்றவர், ஸ்காத்லாந்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் ஜான் பார்சைத் என்னும் பாதிரியார். பழைய கேப்புகளில் பாதரச பல்மினேட்டு இருந்தது. அது வெடித்தபின் வெளிப்படும் பாதரசம் பித்தளையில் ஊறிக் கூட்டை நொறுங்கும் தன்மையதாக்கிவிடும். உடன் சேர்த்த பொட்டாசியம் குளோரேட்டு, உப்பாக மாறிக் குழாயைத் துருப்பிடிக்கச் செய்யும். இக்காலக் கேப்புகளில் பெரும்பாலும் ஈய ஸ்டிப்னேட்டு இடம் பெறுகிறது. கூடு கெடுவதில்லை, ஆனால் ஈயம் கலந்த தூசி உடலுக்குத் தீங்கானது. பழைய பித்தளைக் கூடு கண்ணுக்குப் பளபளப்பாக இருப்பதைக் கொண்டு மறுபடி நிரப்பத் தக்கது என முடிவு செய்வது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும்.

மருந்தின் இயல்பு வேறு. 1884-இல் பிரெஞ்சு விஞ்ஞானி பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். அதன் உயிர்ப்பொருள் நைட்ரோ செல்லுலோஸ். நைட்ரோகிளிசரினும் சேர்ந்த ‘கார்டைட்’ 1889-இல் இங்கிலாந்தில் தோன்றியது. நீலகிரியில் குன்னூருக்கு அருகிலுள்ள அரவங்காட்டுத் தொழிற்சாலை அதன் பெயரால் அமைந்ததே. இம்மருந்து திறந்த வெளியில் சிறிதளவாக இருக்கும்பொழுது வெடிப்பதில்லை, சீறி எரிகிறது. அழுத்தம் மிகுந்தால் எரியும் வேகமும் மிகும். வேகம் மிகுந்தால் அழுத்தம் மேலும் மிகும். அடைபட்ட கூட்டினுள் இச்சுழற்சி ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குக்குள் நடந்து முடிகிறது. இராணுவ ரைபிளின் குழாயடியில் எழும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேற்படும். பன்னிரண்டு போர்த் துப்பாக்கியில் அது அதன் நான்கில் ஒரு பங்கு அளவே.

கரிமருந்து இவ்வாறன்று. சிறு தீப்பொறியிலேயே பற்றும். திறந்த வெளியிலும் விரைந்து எரியும். எனினும் குழாயினுள் அது எழுப்பும் அழுத்தம் குறைவு. வாய்வழி நிரப்பும் நாட்டுத் துப்பாக்கி இக்கரிமருந்துக்காகவே செய்யப்பட்டது. கெட்ட தோட்டாவைப் பிரித்து அதன் மருந்தை அதே அளவில் நாட்டுத் துப்பாக்கியில் இட்டால், அதன் குழாய் தாங்காது பிளந்துவிடும்; இடக்கையும் கண்ணும் போகும். இரு மருந்தும் கருமையாகவே தோன்றுவதுண்டு. நிறத்தைக் கொண்டு மருந்தை அறியலாம் என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

மறுபடி நிரப்பிய தோட்டா பிழைபடுவதற்குக் காரணங்கள் பல. கேப் ஆழமாகப் பதியாமல் வெளித்தள்ளி நின்றிருக்கலாம். எண்ணெய் பட்டு அதன் வலிமை குன்றியிருக்கலாம். இடுக்கி மலையின் மழைக்காலத்தில் தாள் கூடு ஈரம் உறிஞ்சி உப்பும். பாலக்காட்டுக் கணவாயின் கோடையோ 40 பாகையைத் தாண்டும். அவ்வெப்பம் நைட்ரோ செல்லுலோஸ் சிதைவதை விரைவுபடுத்தும். சிதைந்த மருந்தில் புளிப்பு நெடியும், முற்றினால் செம்பழுப்புப் புகையும் தோன்றும். அத்தகைய மருந்து தானாகவே தீப்பற்றவும் கூடும்.

நிரப்பியவரின் கவனக்குறைவால் நேரும் பிழைகள் இரண்டு மிகக் கொடியவை. ஒன்று, ஒரே கூட்டில் இருமுறை மருந்திடுதல். மற்றொன்று, மருந்தே இடாமல் விடுதல். பின்னது தீங்கற்றது போலத் தோன்றும்; உண்மையில் அதுவே வஞ்சகமானது. கேப்பின் வலிமையால் மட்டும் குண்டு சிறிது நகர்ந்து குழாயின் நடுவில் சிக்கி நிற்கும். ‘பொத்’ என்னும் மெல்லொலியோடு ஓய்ந்த அத்துப்பாக்கியில் மறு தோட்டாவை இட்டுச் சுட்டால் குழாய் வெடிக்கும். ஆதலின், ஓசை வழக்கத்திற்குக் குறைந்தால் உடனே சுடுவதை நிறுத்தித் தோட்டாவை நீக்கியபின் குழாயின் உள்ளே பார்த்தல் வேண்டும்.

விசையை அழுத்தியும் ஒலியே எழவில்லையெனில், துப்பாக்கியை உடனே திறத்தல் கூடாது. கேப்பில் பற்றிய தீ மருந்தை எட்டுவதற்குத் தாமதமாகலாம். முனையை ஆளில்லாத் திசையில் நிறுத்திக் குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். பழைய தோட்டாவாயின் அதனினும் நீண்ட நேரம் பொறுப்பதே அறிவுடைமை. வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு இன்னும் மிகுதியான நேரம் தேவை. பின்னர் எடுத்த தோட்டாவை மறுமுறை சுட முயலாமல் தனியே வைத்தல் வேண்டும்.

இனி, கெட்ட தோட்டாவைப் பிரித்து உறுப்புக்களை மீட்கும் பணியைக் காண்போம். உரிமம் பெற்ற பட்டறைகளிலும், வெளிநாட்டுக் குறிசுடும் சங்கங்களிலும் இது முறையாக நடைபெறுவது. இரு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்றில், அழுத்துபொறியில் கூட்டைப் பிடித்துக்கொண்டு குண்டைக் கவ்வி மெல்ல மேலிழுப்பர். மற்றொன்றில், உட்குழிந்த சுத்தி போன்ற கருவியினுள் தோட்டாவைத் தலைகீழாக மாட்டித் தட்டுவர். கூடு நின்றுவிடக் குண்டு தன் நிலைமத்தால் கழன்று விழும். பேருந்து திடீரென நின்றால் பயணி முன்னே சாய்வதும் இதே விதியால்தான். வகுப்பில் நியூட்டனின் முதல் விதிக்கு எடுத்துக்காட்டாக இதனைக் கூறலாம். விளிம்பிலேயே வெடிகலவை பரவியுள்ள சிறு தோட்டாக்களை இக்கருவியில் இடவே கூடாது. குறட்டால் கவ்வித் திருகுதலும், கூட்டை அறுத்தலும், சூடேற்றுதலும் உயிருக்கு உலை வைப்பன. கண்ணாடி அணியாமல் இப்பணியை எவரும் செய்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவே மேசைமேல் இருக்கும். அருகில் தீயும் இராது, வேறு மருந்தும் இராது.

மீட்கப்படுவனவற்றுள் கீறல்படாத குண்டும் வெடிப்பில்லாத கூடும் மீண்டும் பயன்படும். மருந்து, இன்ன வகை, இன்ன தொகுதி என்று ஐயமின்றித் தெரிந்தாலன்றிப் பயன்படாது. அதனைத் தகுதியுடையோர் திறந்த வெளியில் சிறிது சிறிதாக எரித்து அழிப்பர். கேப்பைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை எங்கும் உண்டு. எண்ணெயிலோ நீரிலோ ஊறவைத்தால் அது செத்துவிடும் என்பர். ஊறிய கேப் உலர்ந்தபின் மீண்டும் வெடிப்பதுண்டு. எனவே அந்நம்பிக்கையைக் கைவிடுதல் நலம். ஒரு தோட்டாவிலிருந்து மீளும் பொருளின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது ஒரு விரலின் விலைக்கு ஈடாகாது.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதும் விற்பதும் குற்றமாகும். ஆகையால் களத்தில் கண்டெடுத்த தோட்டாவைப் பிரிக்கும் வேலை வனக் காவலர்க்கும் இல்லை, உழவர்க்கும் இல்லை.

தோட்டாவை விடக் கொடிய பொருள் ஒன்றும் இவ்வெல்லையில் உண்டு. மலையாளத்தில் ‘பன்னிப்படக்கம்’ என்பர். கோயமுத்தூர்ப் பக்கத்தில் ‘அவுட்டுக்காய்’ என்பர். பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ மறைத்து வைக்கப்படும் இவ்வெடி, கடித்தவுடன் வாயைச் சிதைத்துவிடும். தோட்டாவிலாவது கேப்பும் மருந்தும் தனித்தனியே உள்ளன. இதிலோ முழுக் கலவையுமே அழுத்தத்துக்கும் உராய்வுக்கும் அஞ்சுவது. இதனைப் பிரிப்பதற்குப் பாதுகாப்பான முறை என ஒன்று களத்தில் இல்லை.

பாலக்காட்டு மாவட்டம் மண்ணார்க்காடு வனப்பகுதியில், அமைதிப் பள்ளத்தாக்கிற்கு அருகே, சினை யானை ஒன்று இவ்வாறு வெடி வைத்த காயைக் கடித்துத் தாடை சிதைந்தது. உண்ணவும் இயலாது, நோவும் தாங்காது, அது வெள்ளியாற்றில் இறங்கித் துதிக்கையை நீரில் ஆழ்த்தி நின்றது. 2020 மே 27-ஆம் நாள் அங்கேயே மாண்டது. வெடி பன்றிக்காக வைக்கப்பட்டதென விசாரணையில் தெரியவந்தது. பயிரிழந்த உழவரின் துன்பம் பொய்யன்று. அதற்காகவே, தொல்லை தரும் காட்டுப் பன்றிகளைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை 2022 மே மாதத்தில் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. அவ்வாணையிலும் வெடியும் நஞ்சும் மின்சாரமும் விலக்கப்பட்டுள்ளன.

களப்பணியாளர் இத்தகைய பொருளைக் கண்டால் தொடாமல், காலால் தள்ளாமல், மேலே நீர் ஊற்றாமல், வந்த வழியே பின்வாங்கி அவ்விடத்தைத் தொலைவிலிருந்து அடையாளப்படுத்த வேண்டும். கயிறோ கொடியோ கட்டி ஆடு மாடுகளையும் மனிதரையும் விலக்கி, காவல் நிலையத்துக்கோ 112 என்னும் எண்ணுக்கோ தெரிவித்தல் வேண்டும். வெடிபொருள் அகற்றும் படையினர் வரும் வரையில் ஒருவர் காவல் இருத்தல் நன்று. மேய்ச்சல் நாயைத் தளையின்றி விடுதல் கூடாது. கொழுப்பின் வாசம் அதனை ஈர்க்கும்.

பள்ளியில் இப்பாடத்தைக் கற்பிக்கும்பொழுது, உண்மைத் தோட்டாவை, வெடித்த வெறுங்கூடாயினும், வகுப்பிற்குக் கொண்டு வருதல் தகாது. வெறுங்கூட்டைக் கண்டு பழகிய பிள்ளை, நிறைகூட்டையும் அவ்வாறே எடுத்துவிடும். மரத்தில் கடைந்து, நெடுக்காகப் பிளந்து, நான்கு உறுப்புக்களுக்கும் நான்கு வண்ணம் தீட்டிய மாதிரி ஒன்றே போதும். கேப் இருக்கும் இடத்துக்குச் சிவப்பு. காட்டோரத்திலிருந்து வரும் மாணவரிடம், வழியில் கிடக்கும் தேங்காய்த் துண்டையோ, நூலால் சுற்றிய உருண்டையையோ கண்டதுண்டா என்று ஆசிரியர் வினவலாம். பிள்ளைகள் வீட்டாரிடம் கூற அஞ்சுவதை ஆசிரியரிடம் கூறுவர். கூறிய பிள்ளையின் பெயரை வெளியிடாமல் செய்தியை மட்டும் வனச்சரக அலுவலகத்துக்கு அனுப்பினால் மறுமுறையும் செய்தி வரும்.